இரவல் மூத்திரம்

சென்ற மாதம் எங்கள் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்தார்கள். நலம் விசாரித்தார்கள், பென்ஷன் வந்ததா என்று கேட்டார்கள். அப்புறம் வந்த காரியம் வெளியே வந்தது.

"அண்ணே, சீனி கிளினிக்குக்கு வர்றவங்க மூத்திரத்த வீட்லருந்து கொண்டாரக் கூடாது, இங்க வந்துதான் குடுக்கணும்னு சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கே. அதால கிளினிக் நாள்ல கக்கூசுக்கு முன்னால திருவிழாக் கூட்டம். எந்த மடையன் போட்ட சட்டம் இது?"

"போட்டது மேடம். போட வைத்த மடையன் நான்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் யாரோ அதை மற்றவர்களுக்கு உரக்கச் சொன்னார். பிறகு ஒரே சிரிப்பு. ஊழியர் ஆண்டு மலருக்கு அதையே எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனிடம் நேரத்தைக் கேட்டால் மறுப்பானா? எழுதுகிறேன்.

என் வரலாறு சின்னது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். உயர்தரப் பரீட்சையில் டொக்டராவதற்குப் போதாத புள்ளிகளும் சும்மா இருப்பதற்குக் கூடிய புள்ளிகளும் எடுத்தேன். நடுவில் அகப்பட்ட இடம்தான் மருத்துவ ஆய்வுகூடம். கொழும்பில் பயிற்சி. மொனராகலையில் முதல் நியமனம், அங்கே மலேரியாக் கிருமி தேடியே கண் பூத்துப் போனது. அதன் பிறகு பதுளை. அம்மா லயத்தில் எல்லோரிடமும் "மகனுக்கு ஆஸ்பத்திரியில பெரிய வேலை" என்பார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விடுவார்.

பதுளைக்கு வந்து பல வருடங்கள் கழித்துத்தான் மேடம் வந்தார். இரசாயன நோயியல் நிபுணர், யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். பெயரைப் போட்டால் என்னைத் தேடி வந்து திருத்துவார் என்பதால் மேடம் என்றே எழுதுகிறேன். அவர் கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். மை ஈரத்தில் ஊறும், பென்சில் ஊறாது என்பது அவர் கட்சி. எந்த முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எழுதினதோ, ஞாபகமோ?" ஞாபகம் என்றால் தாள் திரும்பி வரும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அவர் பேசுவது காதில் விழாவிட்டால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். பாராட்டு என்றால் "ம்." அவ்வளவுதான்.

மேடத்துக்கு ஒரு கேள்வி இருந்தது. சீனி வியாதிக்காரரின் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்க நாங்கள் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று தேடுவோம். அது தெரியும்போது பல பேருக்கு வீட்டின் கூரையிலேயே தீ பிடித்திருக்கும். அதற்கு முன்பே புகை தெரியாதா? சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள உயிர்க்கலங்கள் அடிபட்டால் அவற்றுக்குள் இருக்கும் ஒரு நொதியம் சிறுநீரில் ஒழுகும். என்.ஏ.ஜி. என்று மூன்று எழுத்தில் கூப்பிடுவோம். அதே நொதியம் கண்ணீரிலும் உண்டு, சீனி கூடியவர்களின் கண்ணீரில் அதுவும் ஏறுவதாகச் சொல்லப்பட்டது. சிறுநீரிலும் கண்ணீரிலும் இது ஒன்றாக ஏறுகிறதா, அல்புமினுக்கு முன்னே ஏறுகிறதா என்று எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் பார்க்க மேடம் அனுமதி வாங்கினார். பரிசோதிக்கும் கை என்னுடையது.

சிறுநீர் வேலை எனக்குப் பிடித்திருந்தது. மாதிரியைக் குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடக் கூடாது, உறைந்தால் நொதியம் செத்துவிடும். சுழற்றித் தெளிய வைத்து, அளந்து எடுத்து, நொதியம் வெட்டுவதற்கான பொருளைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் நீர்த்தொட்டியில் வைப்போம். நேரம் முடிந்ததும் காரக் கரைசலை ஊற்றினால் எதிர்வினை நின்று மஞ்சள் நிறம் எழும்பும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ நொதியம் அவ்வளவு. மூத்திரமே மஞ்சள்தானே என்று கேட்பீர்கள். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் பொருள் சேர்க்காத சோடி ஒன்று வைத்து அதன் நிறத்தைக் கழிக்க வேண்டும். பகல் முழுக்க மலையில் தண்ணீர் குடிக்காமல் கொழுந்து எடுக்கிறவர்களின் சிறுநீர் தேன் மாதிரி இருக்கும். அதைச் சரிக்கட்டக் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் பார்த்து அதனால் வகுக்க வேண்டும். எல்லாம் இரண்டு தரம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் தரம்.

கண்ணீர்தான் என் மானத்தை வாங்கியது.

வடிதாள் கீற்று ஒன்றின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் வைத்து ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அடுப்புப் புகையில் காய்ந்த கண்கள் பலருக்கு. கீற்று நனையவே நனையாது. வெளியே வரிசை நீளும், மத்தியான பஸ் போய்விடும் என்று சத்தம் வரும். சரி, சிரித்தால் கண்ணில் நீர் வரும் என்று நகைச்சுவை சொல்லிப் பார்த்தேன். என் நகைச்சுவைக்கு ஊவா மாகாணத்தில் யாரும் கண்ணீர் வரும் அளவு சிரிப்பதில்லை என்று அன்று விளங்கியது. ஒரு அம்மா, "பாவம் ஐயா, களச்சிப் போயிருக்காரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அடுத்த கிளினிக்குக்கு அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிப் போனேன். நறுக்கி மேசைக்குக் கீழே வைத்தேன். அடடா! ஒரு நிமிடத்தில் கீற்று சொட்டச் சொட்ட நனைந்தது. மத்தியானத்துக்குள் எல்லோரும் முடிந்து பஸ்ஸும் பிடித்தார்கள். அந்தக் கிழமை முடிவுகளை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு ஒரு "ம்"முக்காகக் காத்து நின்றேன்.

மேடம் பென்சிலால் மேலிருந்து கீழே வரிவரியாகத் தட்டிக்கொண்டு போனார். "எல்லாரின்ர கண்ணீரிலையும் நொதியம் குறைஞ்சு கிடக்கு. இந்தக் கிழமை பதுளையில எல்லாருக்கும் சீனி வருத்தம் சுகமாப் போச்சோ?"

"தெரியலீங்க மேடம்."

அடுத்த கிளினிக்குக்கு அவரே வந்தார். கதவடியில் நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். குரல் பாதாளத்துக்கு இறங்கியது.

"நான் கேட்டது கண்ணில சும்மா ஊறுற நீர். இது எரிச்சலில ஓடி வாற தண்ணி. ஓடி வந்தால் நொதியம் தண்ணியில ஐதாகிப் போகும். விளங்குதோ?"

விளங்கியது. அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் மறுபடி அழைத்து, வெங்காயம் இல்லாமல், நகைச்சுவையும் இல்லாமல், காய்ந்த கண்களோடு ஐந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எந்த முடிவு பிசகினாலும் மேடம் முதலில் கேட்பது, "வெங்காயமோ?"

அதற்குப் பிறகு மிகவும் ஒழுக்கமானவனாக மாறினேன். ஒழுக்கம் கூடினாலும் ஆபத்துத்தான்.

அப்போது காலையில் கண் விழித்ததும் போகும் முதல் சிறுநீரைத்தான் எடுத்தோம். முதல் நாளே போத்தல் கொடுத்து அனுப்புவோம், மறுநாள் கொண்டுவருவார்கள். பெரகலைச் சந்திக்குக் கீழே இருக்கும் ஒரு தோட்டத்துப் பெண்களுக்கு அதை விளக்கினேன். வெறும் விளக்கம் மனதில் நிற்காதே என்று கொஞ்சம் மசாலா சேர்த்தேன்.

"மொத மூத்திரந்தான் வேணும். ரெண்டாவத ஊத்திக் கொண்டாந்தா மெசின் கத்தும். பதுளை டவுனுக்கே கேக்கும். அப்பறம் டொக்டரம்மா பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் பாக்கியம். ஐம்பதைத் தொட்டவர், நாலு வருடமாகச் சீனி, மாத்திரையை ஒரு நாளும் தவற விடாதவர். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அது எனக்கு அப்போது தெரியாது.

பாக்கியத்தின் போத்தலைப் பரிசோதித்த அன்று காரக் கரைசலை ஊற்றியதும் நான் ஒரு அடி பின்னால் போனேன். மஞ்சள் அல்ல, குழம்பு. கருவியின் அளவுக்கே அடங்கவில்லை. தண்ணீர் விட்டு ஐந்து மடங்கு ஐதாக்கி மறுபடி செய்தேன், அப்போதும் அந்தக் கிளினிக்கிலேயே அதுதான் உச்சம். அல்புமின் பார்த்தேன், இல்லை. அதாவது மேடம் தேடிக்கொண்டிருந்த புகை இதோ, தீ இன்னும் வெளியே வரவில்லை. உடனே பாக்கியத்தின் கண்ணீர்க் கீற்றை எடுத்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. சுகதேகியின் கண்ணீர் மாதிரிச் சாதுவாக இருந்தது.

மேடம் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வெங்காயமோ?"

"சத்தியமா இல்லீங்க மேடம்."

"மருந்தைக் கூட்டிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப முதல் இன்னொருக்காப் பாப்பம். ஆளைக் கூப்பிடும். மூத்திரம் இஞ்சயே எடும்."

பாக்கியம் வந்தார். என்ன ஏது என்று சொல்லவில்லை, மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம். எங்கள் கக்கூசிலேயே போத்தலை நிரப்பித் தந்தார். அளந்தேன். நொதியம் குறைவு, கிரியேட்டினின் சரி, எல்லாம் நல்லது. பாக்கியத்துக்குச் சந்தோஷம், பஸ் ஏறிவிட்டார். நான் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டு கிழமையில் ஒரு மனுஷியின் சிறுநீர் இப்படி மலையிலிருந்து பள்ளத்துக்கு விழாது. அப்படியானால் பிழை எங்கோ இருக்கிறது. ஆய்வுகூடத்தில் பிழை என்றால் அங்கே எல்லோருடைய கண்ணும் திரும்பும் திசை எனக்குத் தெரியும்.

மேடம் என்னை உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமில்லை.

"போத்தலில பேர் எழுதினது ஆர்?"

"நான்தாங்க. பென்சில்ல. புத்தகத்துலயும் இருக்கு."

"எழுதினதோ, ஞாபகமோ?"

புத்தகத்தைத் திறந்து காட்டினேன். நேரம், போத்தல் எண், குளிர்ப்பெட்டியில் வைத்த தட்டு, எல்லாம் இருந்தன. மேடம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் நான் மொனராகலைக்கு மாற்றலாகி இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டேன்.

"உம்மட கை சரியெண்டு வைப்பம். போத்தலும் சரி. கண்ணீர் உமக்கு முன்னால அந்த மனுஷியின்ர கண்ணில இருந்து எடுத்தது. அப்ப மிச்சம் என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணீரை நான் எடுத்தேன். மூத்திரம் வீட்டிலிருந்து வந்தது.

"மேடம், அது பாக்கியத்தோட மூத்திரம் இல்ல."

"ம்" என்றார் மேடம். நான் இத்தனை நாள் ஏங்கிய "ம்" அதுதான். அனுபவிக்க நேரம் கொடுக்கவில்லை. "அப்ப அது ஆரின்ர? அந்தத் தோட்டத்தில ஆரோ ஒரு ஆளின்ர சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருது. அந்த ஆளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் ஆள் ஆரெண்டு தெரியாது. போய்க் கண்டுபிடியும்."

ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு இல்லை, எல்லோரும் லயத்தில் இருப்பார்கள். பண்டாரவளையில் பஸ் மாறி, பெரகலைச் சந்தியில் இறங்கி, மூடுபனிக்குள் இறங்கி நடந்தேன். பாக்கியம் என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் போனார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சீனி போடாத பிளேன்டீ ஒன்றை நீட்டினார்.

"பாக்கியம், மொதல் தடவ கொண்டாந்த போத்தல்ல இருந்தது ஒங்களோடதா?"

"என்னோடதுதாங்க ஐயா."

"மெய்யாவா?"

"வேற யாரோடதுங்க இருக்கும்?"

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளி வழியாக அடுத்த காம்பராவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னோடதுங்க ஐயா! விடிய நாலு மணிக்கு வந்து என்னைய எழுப்பி வாங்கிட்டுப் போனா. ஏன், அதுல என்னா கொறச்சல்?"

பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கதை மெல்ல வந்தது. அன்று அதிகாலை அரைத்தூக்கத்தில் எழுந்து முதல் மூத்திரத்தை வழக்கம்போல வெளியே போய்விட்டு வந்துவிட்டார். போத்தலைப் பார்த்ததும்தான் ஞாபகம். இரண்டாவதை ஊற்றினால் மெசின் கத்துமே, டொக்டரம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவாரே என்று பயந்து, அடுத்த வீட்டுச் சரோஜாவிடம் ஓடியிருக்கிறார். சரோஜா இன்னும் எழும்பியிருக்கவில்லை. ஆகவே அவருடையது முதல் மூத்திரம். சுத்தமான, சட்டப்படியான முதல் மூத்திரம்.

"மொத மூத்திரம்னுதானேங்க ஐயா அத்தன தடவ சொன்னீங்க. அதான் கொண்டாந்தேன்."

பிளேன்டீயைக் கீழே வைத்தேன். லயத்தில் உப்பு இரவல், கறிவேப்பிலை இரவல், கல்யாணத்துக்குப் போகச் சேலை இரவல். இரவல் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அங்கே வழக்கமில்லை. அந்த லயத்திலேயே பிறந்து, அந்தச் சுவருக்கு மேலே நெருப்புப் பெட்டி வாங்கி வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. போதாததற்கு மெசினைக் கத்த வைத்தவனும் நானே. மெசினுக்குப் பதிலாக நான் ஒரு தரம் கத்தியிருக்கலாம்.

ஆனால் வெட்கப்படுவதற்கு நேரம் இல்லை. ஆள் கிடைத்துவிட்டார். சரோஜாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாளும் இரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை. தோட்டத்திலேயே கொழுந்தில் முதல் ஆள், தராசடியில் அவருடைய கிலோவை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்களாம். என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றேன்.

"நாளைக்கா? கொழுந்து பொங்கி நிக்கிது ஐயா. பொறகு பாப்போம்."

சிறுநீரகத்தைப் படம் போட்டு விளக்கினேன். மெசின் விவகாரத்துக்குப் பிறகு பயமுறுத்த எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "இந்த கிளினிக்கிலயே ஒங்க மூத்திரத்துக்குத்தான் பெரிய நம்பர் வந்திருக்கு."

சரோஜாவின் முகம் மலர்ந்தது. பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஒரு வெட்டு வெட்டினார். "ரெண்டாவது யாருங்க?"

வாழ்நாள் முழுக்கத் தராசில் எண் ஏறினால் வெற்றி என்று வாழ்ந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? "இது கொழுந்து இல்லங்க. இங்க நம்பரு கொறைஞ்சாத்தான் ஜெயிச்சது. இப்ப நீங்கதான் கடைசி" என்றேன்.

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. "கடைசியா? நானா?"

"கடைசி."

"பாக்கியம் எத்தனாவதுங்க?"

"அவுங்க நல்ல எடத்துல இருக்காங்க."

பாக்கியம் முந்தானையை விலக்கி முதல் தடவையாகச் சிரித்தார். "மாத்திரய ஒழுங்கா முழுங்கணும்டி. வர்றியா, இல்ல கடைசியாவே நிக்கிறியா?"

"எத்தன மணிக்குங்க பஸ்?" என்று கேட்டார் சரோஜா.

மறுநாள் பார்த்தால் இரத்தத்தில் சீனி எங்கேயோ ஏறிப் போயிருந்தது, இரத்த அழுத்தமும் கூட. அல்புமின் இல்லை. சிறுநீர் நொதியம் மட்டும் குழம்பு மஞ்சள், இந்த முறை கண்ணீரிலும் ஏறியிருந்தது. மேடம் வைத்தியரோடு பேசி அன்றைக்கே மருந்து தொடங்க வைத்தார். கண்ணையும் காட்டச் சொன்னார். ஆராய்ச்சியில் சரோஜாவுக்கு இடம் கிடைக்கவில்லை. இரவல் மாதிரியால் வந்த ஆள் கணக்கில் சேராது என்று மேடம் பென்சிலால் ஒரே கோடு இழுத்தார். "ஒரு ஆளின்ர கதை ஆராய்ச்சி இல்லை. ஆனா ஆளைக் கைவிடேலாது. மாதாமாதம் பாரும்."

பார்த்தேன். சரோஜா கிளினிக்குக்கு வந்ததும் வைத்தியரிடம் போகமாட்டார், நேரே ஆய்வுகூடத்து ஜன்னலுக்கு வருவார். தராசடியில் நிற்பது போலவே நிற்பார். "இன்னக்கி எவ்ளோங்க?" முதல் மாதம் அசையவில்லை. இரண்டாம் மாதம் கொஞ்சம் ஏறியே இருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"உப்புக் கருவாட்ட விடலீங்க" என்று அவரே ஒத்துக்கொண்டார். "விட்டுர்றேன்."

நாலாம் மாதம் மஞ்சள் வெளிறியது. கரைசல் பிழையோ என்று புதிதாகக் கலக்கினேன். அப்போதும் வெளிறியது. ஆறாம் மாதம் காரக் கரைசலை ஊற்றிவிட்டுக் காத்து நிற்கிறேன், குழாயில் கிழட்டு எலுமிச்சம் பழத்தின் சாயல்கூட இல்லை. இரண்டு தரமும் ஒத்துப் போனது, மூன்றாம் தரமும் செய்தேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன். நடைபாதையில் ஓடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"எழுதினதோ, ஞாபகமோ?"

"எழுதினது மேடம்! மூணு தரம் எழுதினது!"

மேடம் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். அதற்கு முன் அவர் பென்சிலைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, தானே ஜன்னலடிக்கு நடந்துபோய், வெளியே காத்து நின்ற சரோஜாவிடம் எண்ணைச் சொன்னார். சரோஜா இரண்டு கையையும் தூக்கி வரிசையைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், வெளிநோயாளர் பிரிவிலிருந்து தாதிமார் எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கிழமைதான் சுவரில் தாள் ஏறியது: முதல் சிறுநீர் வேண்டாம், இங்கே வந்து விடும் இரண்டாவது போதும், வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளே, நீங்கள் திட்டுகிற சட்டத்தின் கதை இதுதான்.

வருடங்கள் ஓடிவிட்டன. சரோஜாவின் சிறுநீரகம் இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது, கண்ணும் தெளிவாக இருக்கிறது, கொழுந்திலும் அவரை முந்த இன்னும் ஆள் வரவில்லையாம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன், கிளினிக் வரிசையைக் கடந்து போகும்போது அவருடைய குரல் கேட்டது. புதிதாக வந்த பெண்களுக்குக் கை நீட்டி என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஐயாதான்டி. எனக்கு கிட்னி போகப்போவுதுன்னு வீடு தேடி வந்து சொன்னாரு. இத்தன வருசமா மாத்திர முழுங்க வெச்சாரு, கருவாட்ட நிப்பாட்டுனாரு. கடைசில பாத்தா எனக்கு ஒண்ணுமே ஆகல! என்னைய நல்லா ஏமாத்திப்புட்டாரு."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றேன், "கொஞ்சம் சத்தமா."